கிளெய்ம் "தெளிவாக இல்லை" என்று எஃப்.இ.ஆர்.: கோரை கீறும் இயந்திரம், எப்படித் திருத்துவது?

கோரை_பட்டறை (சேரன்மகாதேவி)

பாய்க்கோரையை நீளவாக்கில் கீறுகிற, கையால் சுற்றும் இயந்திரம். முழு விவரணத்தோடு விண்ணப்பம் போட்டு, கிண்டி காப்புரிமை அலுவலகத்திலிருந்து எஃப்.இ.ஆர். (முதல் பரிசோதனை அறிக்கை) வந்துவிட்டது. புதுமை பற்றிப் பெரிய ஆட்சேபம் இல்லை. அடி முழுக்க காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10(5)-இல்தான்: கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை கட்டும் வாசகம்) 1 முதல் 5 வரை தெளிவும் சுருக்கமும் இல்லையாம். இங்கிலீஷில் போட்ட கிளெய்ம்களின் பொருளைத் தமிழில் தருகிறேன்.

1. கோரை கீறும் இயந்திரம். மெல்லிய கத்திகள், கோரையை ஏற்ற வேகத்தில் தள்ளும் மென்மையான உருளைகள், மேற்படி வழிகாட்டிக் குழாய் ஆகியவற்றைக் கொண்டது. உருளைகளின் இடைவெளி கோரையின் விட்டத்தைவிடக் குறைவு. கோரை நசுங்காமல் பத்தமடைப் பட்டுப்பாய்க்கு உரிய நுண்மையில் இழைகளாகக் கிடைக்கும்.
2. கத்திகளின் இடைவெளி 0.5 முதல் 1.2 மி.மீ., விரும்பத்தக்கதாக 0.8 மி.மீ.
3. குழாயின் உட்புறம் டெஃப்லான் போன்ற வழுவழுப்பான பொருள் பூசியது.
4. உருளையின்மேல் தகுந்த அழுத்தம் தரும் வில் உள்ளது.
5. இங்கே விவரித்தபடியும் படங்களில் காட்டியபடியும் உள்ள இயந்திரம்.

விவரணத்தில் இருப்பவை: துருப்பிடிக்காத எஃகுக் கத்தி, தடிமன் 0.3 மி.மீ.; ரப்பர் உருளை, விட்டம் 40 மி.மீ., கடினம் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) 40 முதல் 50; உருளை இடைவெளி 1.5 முதல் 2 மி.மீ.; கைப்பிடி நிமிடத்துக்கு 30 முதல் 60 சுற்று; வில்லின் இறுக்கத்தை மாற்ற ஒரு திருகு. வில்லின் விசைக்கு எண் கிடையாது, "மிதமான அழுத்தம்" என்றுதான் எழுதியிருக்கிறோம்.

எந்தச் சொற்களை மாற்ற வேண்டும்? இப்போது எண்களைச் சேர்க்கலாமா? "எண் போட்டா காப்பு சுருங்கிரும், வாதாடிப் பாப்போம்" என்கிறார் எழுதிக் கொடுத்தவர். அது சரியா?

குறுக்குத்துறை

அண்ணாச்சி, முதல்ல கடைசிக் கேள்வி. வாதாடலாம், ஆனா "மெல்லிய" என்கிற சொல்லை வச்சு வாதாட ஒண்ணுமில்லை. கிளெய்ம்ங்கிறது பத்திரத்துல எழுதுத சக்குபந்தி (நாலு பக்க எல்லை) மாதிரி. பக்கத்து நிலத்துக்காரன் உங்களைக் கேக்காமலே கயிறு பிடிச்சு, தான் உள்ளே நிக்கானா வெளியே நிக்கானான்னு சொல்ல முடியணும். "மெல்லிய கத்தி"ன்னா அவன் எதை அளப்பான்? சவரக் கத்தியைவிட மெல்லிசா, அரிவாளைவிட மெல்லிசா?

ஒரு இடத்துல சக்குபந்தி உவமை செல்லாது. பத்திரத்துல விட்டுப்போனதைப் பிழைதிருத்தல் பத்திரம் போட்டுச் சேக்கலாம். காப்புரிமையில் பிரிவு 59 வழி மறிக்கும். விவரணத்துல ஆரம்பத்திலேயே இல்லாத விஷயத்தைச் சேக்கக் கூடாது. திருத்தின கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே முழுசா அடங்கணும். அதனால எழுத உக்காரும்போது விவரணத்தை ஒரு பக்கம், கிளெய்மை இன்னொரு பக்கம் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தெளிவில்லாத சொல்லுக்கும் "இதுக்கு எந்தப் பத்தியில் ஆதாரம் இருக்கு"ன்னு பாருங்க. ஆதாரம் இருந்தா அந்த எண் அல்லது அந்த உறுப்பு உள்ளே வரும். இல்லைன்னா எண் வராது. உங்க வில்லின் விசை இந்த ரெண்டாவது வகை. இப்ப "10 நியூட்டன்"ன்னு போட்டா அது புது விஷயம், கண்ட்ரோலர் (காப்புரிமை அலுவலகத்துல முடிவெடுக்கிற அதிகாரி) தள்ளிருவார். பதிலா கிளெய்ம் 4-இல் "தகுந்த அழுத்தம் தரும் வில்" என்பதை "ஒரு வில்லும், அந்த வில்லின் இறுக்கத்தை மாற்றும் ஒரு திருகும்"ன்னு ஆக்குங்க. அழுத்தம் எவ்வளவுன்னு சொல்லாம, அழுத்தத்தை மாத்துற உறுப்பைச் சொல்லுதிய. ஒருத்தன் இயந்திரத்துல திருகு இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்தே தெரிஞ்சுக்கலாம்.

"நசுங்காமல்" என்பது விளைவு. எல்லாருக்கும் வேண்டிய விளைவு அது. எதனால நசுங்காம வருதோ அந்தக் காரணத்தை எழுதணும், உங்க விஷயத்துல ஷோர் ஏ 40 முதல் 50 ரப்பர். "மென்மையான" என்பதுக்கும் அதே எண்தான் பதில். ரெண்டு ஓட்டை ஒரே அடைப்புல போயிரும்.

"பத்தமடைப் பட்டுப்பாய்க்கு உரிய நுண்மை"யை எடுத்திருங்க. அது ஊர் பெருமைக்கு நல்லாருக்கும், அளவுகோலுக்கு ஆகாது. 100 கவுண்ட், 140 கவுண்ட்ன்னு நம்ம பக்கம் சொல்லுதது நெசவின் நெருக்கத்தை, கீறின இழையின் அகலத்தை இல்லை. போதாததுக்கு பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கு. இயந்திரக் கிளெய்முக்குள்ள அந்தப் பேரை இழுத்தா வேற கேள்வி கிளம்பும்.

கிளெய்ம் 5 போகட்டும். அந்தக் காலத்துல எல்லா விண்ணப்பத்திலும் கடைசியா இப்படி ஒண்ணு போடுவாங்க. இப்ப ஆட்சேபம் வாங்கித் தரத்தான் அது உதவும்.

பாளை_டிராயிங்

படம் வரைகிற கண்ணோடு பார்த்தால் எஃப்.இ.ஆர். சொல்லாத ஓட்டைகளும் இருக்கின்றன. எண் இருக்கிறது என்பதாலேயே தெளிவு வந்துவிடாது.

கிளெய்ம் 2-இல் "கத்திகளின் இடைவெளி 0.5 முதல் 1.2 மி.மீ." எங்கிருந்து எங்கே? ஒரு கத்தியின் முகத்திலிருந்து அடுத்த கத்தியின் முகம் வரையா, நடுவிலிருந்து நடு வரையா? சீப்பு மாதிரி வரிசையாக நிற்கும் 0.3 மி.மீ. கத்திகள். எதிராளி நடுவுக்கு நடு 1.4 மி.மீ. வைக்கிறான் என்று வையுங்கள். முகத்துக்கு முகம் அது 1.1. முதல் வாசிப்பில் உங்கள் எல்லைக்குள் இருக்கிறான், இரண்டாவது வாசிப்பில் வெளியே. இழையின் அகலத்தைத் தீர்மானிப்பது முகத்துக்கு முகம் உள்ள இடைவெளிதான், ஆகவே அதைத்தான் சொல்ல நினைத்திருப்பீர்கள். படத்தில் அம்புக்குறி எங்கே தொட்டு நிற்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் ஆதாரம்.

அடுத்து தடிமன். கத்தி ஆப்பு வடிவம். முனையில் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, முதுகில்தான் 0.3. "தடிமன் 0.3" என்று மட்டும் எழுதினால் அதைவிடத் தடித்த எந்தக் கத்தியிலும் எங்கோ ஓர் இடத்தில் 0.3 வரும். "முதுகில் அளக்கையில்" என்ற இரண்டு சொல் இல்லாமல் அந்த எண் வீண்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை. "உருளைகளின் இடைவெளி கோரையின் விட்டத்தைவிடக் குறைவு." கோரைத் தண்டின் குறுக்குவெட்டு முக்கோணம், அதற்கு ஏது விட்டம்? பக்கத்தின் அகலமா, மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் வரை உள்ள உயரமா? அதைத் தீர்த்தாலும் அடியில் ஓர் அளவு, நுனியில் ஓர் அளவு. எல்லாவற்றுக்கும் மேல், கோரை இயந்திரத்தின் உறுப்பே இல்லை. ஒரே இயந்திரம் தடித்த கோரையைப் போட்டால் கிளெய்முக்கு உள்ளே, ஒல்லியான கோரையைப் போட்டால் வெளியே என்று ஆகிவிடும். இயந்திரத்துக்குள் வந்து போகும் பொருளை வைத்து இயந்திரத்தை அளக்கக் கூடாது. விவரணத்தில் 1.5 முதல் 2 மி.மீ. இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

வண்ணாரப்பேட்டை_வாசகன்

இவ்வளவு பயம் தேவையா? நீதிமன்றம் கிளெய்மை மட்டும் தனியாகப் படிக்காது. பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம், முதலில் விவரணத்தைப் படித்து மனதைத் தயார் செய்துகொண்டு பிறகு கிளெய்முக்கு வா என்று சொல்லிவிட்டது. "மெல்லிய" என்றால் என்ன என்று விவரணம் சொல்லும். வேகத்தையும் பேசாமல் எடுத்துவிடலாம், கையால் சுற்றுகிற இயந்திரத்துக்கு வேகம் என்ன வேண்டிக் கிடக்கிறது?

குறுக்குத்துறை

வழக்கு சரி. பாத்திரத்தைக் கடைசல் போடும்போது பிடிச்சுக்கிற கருவி பற்றின வழக்கு அது. ஆனா அது சொல்லுதது வாசிக்கிற முறையை. கிளெய்முல இருக்கிற சொல்லுக்குப் பொருள் தெரியலைன்னா விவரணம் விளக்கும். கிளெய்முல இல்லாத வரம்பை விவரணத்திலிருந்து தூக்கிக் கொண்டுவந்து ஒட்டாது. தவிர நாம இப்ப நீதிமன்றத்துல நிக்கலை, பரிசோதனையில நிக்கோம். திருத்த வழி இருக்கிற கட்டத்திலேயே திருத்துங்கன்னுதான் கண்ட்ரோலர் கேப்பார். வாதாடிக் காப்புரிமை வாங்கினாலும், கிளெய்மின் எல்லை போதுமான அளவு தெளிவா வரையறுக்கப்படலைங்கிறது பிரிவு 64-இல் ரத்துக்கான காரணங்களில் ஒண்ணு. வழக்குப் போட்ட அன்னைக்கே எதிராளி அதைத்தான் முதல்ல எடுப்பான்.

வேகத்தை "பேசாமல்" எடுக்கக் கூடாது. கிளெய்முலேர்ந்து ஒரு வரம்பை எடுத்தா கிளெய்ம் அகலுதுன்னு ஆகும், பிரிவு 59 வந்து நிக்கும். "ஏற்ற வேகம் என்பது வரம்பே இல்லை, அதை எடுத்தா என்ன அகலும்"ன்னு கேக்கலாம், கேள்வி நியாயந்தான். ஆனா அந்தப் பந்தயம் எதுக்கு? எடுத்த இடத்துல அதைவிடக் குறுகலான ஒண்ணை வச்சிருங்க. கைப்பிடி உருளையின் அச்சிலேயே நேரா மாட்டியிருக்கிற மாதிரி படத்துல இருந்தா, "கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை ஒரு சுற்று சுழலும்படி அச்சில் நேரடியாகப் பொருத்திய கைப்பிடி"ன்னு எழுதலாம். 40 மி.மீ. விட்டம்னா ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 125.7 மி.மீ. கோரை உள்ளே போகும். விட்டமும் இணைப்பும் சேந்து வேகத்தைக் கட்டிப் போட்டிரும். சுத்துதவன் எவ்வளவு வேகமா சுத்துதான்ங்கிறது இயந்திரத்தின் இலக்கணம் இல்லை.

30 முதல் 60 சுற்றுங்கிறது செயல்முறைக் கிளெய்முக்கு ஏத்தது. ஆனா நீங்க போட்டது இயந்திரக் கிளெய்ம் மட்டும். இப்ப புதுசா "கோரை கீறும் முறை"ன்னு ஒண்ணு சேத்தா பழைய எல்லைக்குள்ள அடங்காதுன்னு தள்ள வாய்ப்பு அதிகம். தாக்கல் செய்த அன்னைக்கே ரெண்டையும் போட்டிருக்கணும்.

இன்னொண்ணு, தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுத நமக்கே உரிய கோளாறு. விவரணம் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் போக முடியும். தமிழ்ல "கத்தி"ன்னா போதும். இங்கிலீஷ்ல முதல் தடவை "ஏ" (a), அடுத்த தடவையிலிருந்து "தி" (the) அல்லது "செய்டு" (said, மேற்படி) வேணும். நீங்க கிளெய்ம் 1-இல் குழாயை முதல் தடவை சொல்லும்போதே "மேற்படி"ன்னு ஆரம்பிச்சிட்டிய. எந்த மேற்படி? முன்னால குழாயே வரலையே. அறிமுகப்படுத்தாத உறுப்பைச் சுட்டக் கூடாது, அறிமுகப்படுத்தினதைப் புதுசு மாதிரி மறுபடி அறிமுகப்படுத்தவும் கூடாது. ரெண்டாவது தப்புல ரெண்டு குழாய் இருக்கிற மாதிரி ஆயிரும்.

கூறியது கூறல் குற்றம்னு பள்ளிக்கூடத்துல படிச்சதையும் இங்கே மறந்திருங்க. ஒரு இடத்துல "இழை", அடுத்த இடத்துல "பிளவு", மூணாவது இடத்துல "கீற்று"ன்னு அழகுக்கு மாத்தினா மூணும் மூணு பொருளான்னு கேப்பாங்க. ஒரு உறுப்புக்கு ஒரு பேர், கடைசி வரைக்கும்.

உடன்குடி_பாகு

இடையில் ஒரு கேள்வி. கருப்பட்டிப் பாகு காய்ச்சும் முறைக்கு எழுதும்போது "கம்பிப் பதம் வரும் வரை" என்று போடலாமா? தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் புரியும் சொல்தானே. பதநீரின் பி.எச். (புளிப்பின் அளவு), பிரிக்ஸ் (சர்க்கரையின் அளவு) இரண்டையும் போட்டிருக்கிறேன்.

பாளை_டிராயிங்

தொழிலில் நிலைபெற்ற சொல்லைப் பயன்படுத்தத் தடை இல்லை. ஆனால் எல்லாரும் அதை ஒரே அளவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பிப் பதத்தில் ஒற்றைக் கம்பி உண்டு, இரட்டைக் கம்பி உண்டு, விரலில் தொட்டுப் பார்ப்பவர் கைக்குக் கை மாறும். பாகு கொதிக்கும் வெப்பநிலையையோ பிரிக்ஸையோ வரம்பாகப் போட்டு, "கம்பிப் பதம்" என்பதை விவரணத்தில் விளக்கமாக மட்டும் வையுங்கள்.

பிரிக்ஸ் போட்டால் எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சேர்த்தே எழுத வேண்டும். ஒளிவிலகல்மானி பொதுவாக 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிட்டது. கொதிக்கிற பாகைச் சொட்டு விட்டால் எண் மாறும். பி.எச்.சுக்கு எப்போது எடுத்த மாதிரி என்பதும் வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து இறக்கியவுடன் ஓர் எண், பதநீர் புளிக்கத் தொடங்கினால் இறங்கிக்கொண்டே வரும். அளக்கும் முறை இல்லாத அளவுரு, எண் போட்ட "மெல்லிய"தான்.

கோரை_பட்டறை (சேரன்மகாதேவி)

பார்த்துவிட்டேன். படம் 3-இல் இடைவெளியின் அம்பு முகத்துக்கு முகம்தான் நிற்கிறது. தடிமனின் அம்பு முதுகில். பத்தி 14-இல் "கத்தியின் தடிமன் 0.3 மி.மீ.க்கு மிகாமல்" என்று ஓர் இடத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? டெஃப்லானை என்ன செய்வது?

குறுக்குத்துறை

"மிகாமல்" கிடைச்சது பெரிய விஷயம். அது இல்லைன்னா வெறும் 0.3 போட்டு, 0.25 வச்சவனை விட்டுக் கொடுத்திருக்கணும். 0.2 முதல் 0.4ன்னு இஷ்டத்துக்கு வரம்பு விரிக்க முடியாது, 0.4 எங்கேயும் இல்லை. எண்ணை எழுதின மாதிரியே எழுதுங்க, 0.3-ஐ 0.30 ஆக்காதிய. எத்தனை தசம இலக்கம் போட்டிருக்கோ அதை வச்சுத்தான் துல்லியத்தைக் கணக்குப் பண்ணுவாங்க. இங்கிலாந்தில் 2015-இல் "1% முதல் 25%" என்கிற வரம்புக்கு முழுமையாக்கல் (பக்கத்து முழு எண்ணா மாத்துதது) செல்லுமான்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

டெஃப்லான் வணிகப் பெயர். பெயருக்குச் சொந்தக்காரன் நாளைக்கு அதுக்குள்ள இருக்கிற பொருளை மாத்தலாம், உங்க எல்லையும் கூடவே நகரும். பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன்னு எழுதுங்க, அது பிரிவு 59 விடுத "விளக்கம்"ங்கிற திருத்த வகைக்குள்ள வரும். "போன்ற" வேண்டாம், "வழுவழுப்பான" வேண்டாம். விவரணத்துல வேற பொருள் பேர் இருந்தா "அல்லது" போட்டுச் சேத்துக்கோங்க.

கிளெய்ம் 1 கீழே இருக்கிற மாதிரி வரட்டும், அடைப்புக்குள்ள இருக்கிறது படத்துல அந்தந்த உறுப்போட எண். இங்கிலீஷ்ல "கம்ப்ரைசிங்"ன்னுதான் முதல்ல போட்டிருக்கியளான்னு பாத்துக்கோங்க. அதுக்கு இதெல்லாம் இருக்கணும், வேறயும் இருக்கலாம்னு பொருள். தமிழ்ல அதுக்கும் "கன்சிஸ்டிங் ஆஃப்"க்கும் "கொண்டது"தான். அங்கே "கன்சிஸ்டிங் ஆஃப்"ன்னா வேற உறுப்பு எதுவும் இருக்கக் கூடாதுன்னு பொருள். அதிலிருந்து "கம்ப்ரைசிங்"குக்கு இப்ப மாற முடியாது.

"கோரைத் தண்டை நீளவாக்கில் கீறும் இயந்திரம் (10), அதில் அடங்குவன: ஒரு சட்டகம் (12), அச்சட்டகத்தில் (12) பொருத்திய ஒரு ஜோடி ரப்பர் உருளைகள் (14, 16), ஒவ்வோர் உருளையின் விட்டமும் 40 மி.மீ., ரப்பரின் கடினம் ஷோர் ஏ 40 முதல் 50, அவ்வுருளைகளுக்கு (14, 16) இடையே உள்ள இடைவெளி 1.5 முதல் 2 மி.மீ.; ஓர் உருளையின் (14) அச்சில் நேரடியாகப் பொருத்திய ஒரு கைப்பிடி (26); அவ்வுருளைகளை (14, 16) அடுத்து அமைந்த ஒரு வழிகாட்டிக் குழாய் (18); அக்குழாயின் (18) வெளிவாய்க்கு எதிரே வரிசையாக நிற்கும் கத்திகள் (20), ஒவ்வொரு கத்தியின் (20) தடிமனும் முதுகில் அளக்கையில் 0.3 மி.மீ.க்கு மிகாதது."

கிளெய்ம் 2-இல் "அடுத்தடுத்த கத்திகளின் (20) முகத்துக்கு முகம் உள்ள இடைவெளி 0.5 முதல் 1.2 மி.மீ." மட்டும். 0.8-ஐத் தனியா ஒரு சார்புக் கிளெய்ம் (முந்தின கிளெய்மைச் சாந்து, அதைவிடக் குறுகலா நிக்கிறது) ஆக்குங்க. ஒரே கிளெய்முக்குள்ள பெரிய வரம்பும் "விரும்பத்தக்கதாக" சின்ன வரம்பும் இருந்தா எதைப் பிடிக்கதுன்னு தெரியாது. கிளெய்ம் எண்ணிக்கை 10 வரைக்கும் தனிக் கட்டணம் இல்லை. தாண்டினா தனிநபருக்கு இணையவழியில் ஒண்ணுக்கு 320 ரூபாய். உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

சுருங்கிரும்னு சொன்னாருல்லா, சுருங்கத்தான் செய்யும். ஆனா முன்னால இருந்த அகலம் காகிதத்துல மட்டும் இருந்தது.

வண்ணாரப்பேட்டை_வாசகன்

வேகம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "40 மி.மீ." என்று தனி எண் போடுவது எனக்கு உறுத்துகிறது. 42 மி.மீ. உருளை போட்டு ஒருவன் தப்பிவிடுவான்.

குறுக்குத்துறை

அது நியாயமான உறுத்தல். விவரணத்துல 40-க்கு வரம்பு இருந்தா வரம்பைப் போடலாம். இல்லைன்னா விட்டத்தைக் கிளெய்ம் 1-லேர்ந்து எடுத்து சார்புக் கிளெய்முக்குக் கொண்டுபோங்க. பழைய கிளெய்ம் 1-இல் விட்டம் இல்லவே இல்லை, அதனால எடுத்தாலும் அகலாது. வேகத்துக்கு ஈடா கைப்பிடி இணைப்பு மட்டும் போதும்னு பதில்ல விளக்குங்க. கண்ட்ரோலர் ஒத்துக்கலைன்னா விசாரணையில விட்டத்தை மறுபடி உள்ளே கொண்டுவரலாம். பின்வாங்க ஒரு இடம் வச்சுக்கிறது நல்லது.

நாள் கணக்கு: எஃப்.இ.ஆர். தேதியிலிருந்து 6 மாதம். முடியாதுன்னா அந்த 6 மாதம் முடியுறதுக்குள்ள படிவம் 4 போட்டு 3 மாதம் நீட்டலாம். பதிலே போடலைன்னா விண்ணப்பம் கைவிடப்பட்டதா ஆயிரும். பதிலோட ரெண்டு பிரதி: அடித்தல் திருத்தல் தெரிகிற மாதிரி ஒண்ணு, சுத்தமா ஒண்ணு. கூடவே ஒரு அட்டவணை: ஆட்சேபம், மாத்தின சொல், ஆதாரப் பத்தி அல்லது படம். அட்டவணை கட்டாயம் இல்லை, ஆனா அது இருந்தா எக்ஸாமினர் தேடி அலைய வேண்டாம். விசாரணை வச்சா, முடிஞ்ச 15 நாளுக்குள்ள எழுத்துமூல வாதம் போயிரணும்.

கோரை_பட்டறை (சேரன்மகாதேவி)

இங்கிலீஷில் எழுதி முடித்து அட்டவணையும் போட்டுவிட்டேன். உருளைக்கு "கடினம் ஷோர் 40 முதல் 50" என்று வைத்திருக்கிறேன். கிளெய்ம் 1, 2 போக மற்ற சார்புக் கிளெய்ம்கள்: விட்டம் 40 மி.மீ.; இடைவெளி 0.8 மி.மீ.; வில்லும் திருகும்; குழாயின் உட்பூச்சு. மொத்தம் 6. வேறு ஏதாவது?

பாளை_டிராயிங்

"ஷோர்" பக்கத்தில் "ஏ" விட்டுப்போயிருக்கிறது. ஷோர் டி 45 என்றும் ஒன்று உண்டு, அது ஷோர் ஏ-யில் 95-ஐ ஒட்டிய கடினம். அந்த உருளையில் கொடுத்தால் கோரை நசுங்கித்தான் வெளியே வரும். விவரணத்தில் "ஏ" இருக்கிறது, அனுப்புவதற்கு முன் சேர்த்துவிடுங்கள்.